மஞ்சள் தோல்

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் குட்டியும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன். நான்கு வருடமாக நீ ஒரு வரி எழுதாததால் நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

பழையதைக் கிளற இந்தக் கடிதம் இல்லை. ஷிப்டு நடுவில், மெஷின் சூடாக இருக்கும்போது, கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுப் போனவன் நீ. மெஷினுக்குள் தங்கிக் கருகியதை நானும், எந்நேரமும் சீட்டியடிக்கிற நம் வேலைக்காரப் பையன் சீட்டியும் சுரண்டி எடுத்தோம். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை.

விஷயம் இதுதான். பட்டறையில் இப்போது ஒரே ஒரு வேலை: மாத்திரை டப்பா. வாரத்துக்கு ஏழு அறை, ஏழு மூடி. மூடியும் டப்பாவும் ஒரே வார்ப்பு. இரண்டுக்கும் நடுவில் நகத்தைவிட மெல்லிய ஒரு மடிப்பு இருக்கிறது, அதுதான் கீல். ஆயிரம் முறை திறந்து மூடினாலும் அறுந்துபோகக் கூடாது. நம்முடையது பத்து முறைக்குள் பட்டென்று முறிகிறது.

அச்சு நம்முடையது இல்லை, கம்பெனியுடையது. ஜூன் மாதத்துக்குள் டப்பா சரியாக வரவில்லை என்றால் அச்சை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இந்த இரண்டு மெஷினிலும் நான் துணிதான் காயப்போட வேண்டும்.

நீ அங்கே பெரிய தொழிற்சாலையில் இதே பிளாஸ்டிக்கைத்தான் உருக்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன்னிடம் உதவி கேட்கவில்லை. தகவல் கேட்கிறேன். இரண்டும் வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 24

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. சில கேள்விகள் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் உருகும் பேரலில் எத்தனை டிகிரி வைக்கிறீர்கள்? மெஷினின் வாய், அச்சை விட்டு விலகும்போது ஒழுகுகிறதா? டப்பாவின் ஓரத்தில் மெல்லிய பிசிறு வருகிறதா? வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா? வாசனை எப்படி?

கடைசியாக ஒன்று. மெஷின் துப்புகிற கட்டிகளைப் போட்டுவைக்கும் அந்தப் பச்சை டிரம், இன்னும் அரைவை மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா?

குட்டி உங்களை விசாரித்தாள். இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


பிப்ரவரி 1

மூக்கனுக்கு,

அது என்ன புதிதாக 'மதிப்பிற்குரிய', 'நீங்கள்'? கரண்ட் ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி. உனக்கு மூக்கு துடைத்துவிட்ட கை இது. மூக்கன் என்று பேர் வைத்ததும் நான்தான். எது கருகினாலும் பட்டறையில் முதலில் மோப்பம் பிடிப்பவன் நீ என்பதால்.

நலம். உன் நலத்தை நீ ஒரே வரியில் முடித்துக்கொண்டாய், சரி.

கேள்விகளுக்குப் பதில். இருநூற்று முப்பது டிகிரி. மெஷினின் வாய் ஒழுகுகிறது, சளி பிடித்த குழந்தை மாதிரி. முன்பெல்லாம் தேன் மாதிரி வரும், இப்போது கஞ்சித் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பிசிறு வருகிறது. ஒவ்வொரு டப்பாவுக்கும் மீசை முளைக்கிறது, பாக்கெட் போடுகிற பெண், நம் பொட்டலம், பிளேடு வைத்துச் சவரம் செய்துவிட்டுத்தான் பாக்கெட்டில் போடுகிறாள். நிறம், டீ குடிப்பவன் பல். வாசனை, ஊதி அணைத்த மெழுகுவர்த்தி, அதோடு கொஞ்சம் காரல். தொண்டையைக் கமறுகிறது.

மற்றபடி பட்டறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

குட்டியின் கைக்குப் பென்சில் டப்பா ஒன்று அனுப்புகிறேன். பழைய சரக்கு, உடையாது.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

நலம். பென்சில் டப்பா வந்தது. குட்டி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு அந்த வாசனை வந்தது. தண்ணீராக ஓடுவது நல்லதில்லை. பிளாஸ்டிக் என்பது மிக நீளமான நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கிடப்பது. நூல் நீளமாக இருந்தால் உருகும்போது இழுக்கும், ஆறியதும் மடங்கும். துண்டு துண்டாக அறுந்துவிட்டால் உருகும்போது ஓடும், ஆறியதும் முறியும். உங்கள் டப்பாவில் நூல் அறுகிறது.

இருபது டிகிரி குறைத்துப் பாருங்கள். அதைவிட, ஒரே ஒரு நாள் புது மூட்டையை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். அரைத்தது எதையும் கலக்காமல்.

இதற்குமேல் நான் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

இருபது டிகிரி குறைத்தேன். அச்சின் மூலைக்கு பிளாஸ்டிக் போய்ச் சேரவில்லை. எலி கடித்த மாதிரி டப்பா. சரி என்று பாதி ஏற்றினேன். மூலை நிறைந்தது, கீல் பழையபடி முறிந்தது. இரண்டாவது முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனியின் சரிபார்க்கும் ஆள் நேரிலேயே வந்தார். எப்போதும் லென்சோடு திரிவதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருக்கிறோம்.

"அம்மா, இதுல மாத்திரையை வச்சா, மாத்திரைக்கே ஒரு மாத்திரை தேவைப்படும் போலிருக்கே," என்றார்.

"ஏன் சார், லென்சுல பாத்தா எல்லாமே விரிசலாத்தான் தெரியும்," என்றேன்.

"லென்சே எடுக்கலைம்மா இன்னைக்கு."

சீட்டி சீட்டியடிப்பதையே நிறுத்திவிட்டான். அவ்வளவு அவமானம்.

அரைத்ததைக் கலக்காதே என்கிறாய். அன்றும் இதைத்தானே செய்தாய். அருமையான கட்டிகளைக் குப்பையில் கொட்டினாய், நாற்றம் சரியில்லை என்று. நான் பொறுக்கி எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் அரைவைக்காக உன்னையே அவற்றை வெட்டச் சொன்னேன். வெட்டினாய், கையுறையைக் கழற்றினாய், போனாய். ஒரு பிளாஸ்டிக் மணிகூட வீணாகாத பட்டறை இது. வாசலில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். கட்டியும் கழிவும் அரைபட்டு மறுபடி உள்ளே போகும். மறுநாள் மறுபடி. புது மூட்டையை மட்டும் ஓட்டுவது பெரிய தொழிற்சாலைக்காரனின் திமிர். எனக்கு அது வேண்டாம்.

தகவலுக்கு நன்றி. உதவவில்லை.

அக்கா


மார்ச் 19

தம்பி,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இன்று காலை கட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாகச் சீட்டி வெட்டுவான், இன்று அவன் வரவில்லை. மெஷின் துப்பி, தரையில் கிடந்து ஆறிய கட்டி, பெரிய உருளைக்கிழங்கு அளவு. நல்ல வெட்டரிவாளால் ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது. தூக்கிப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளியே சுற்றிலும் மஞ்சள் தோல், உள்ளே பால் வெள்ளை.

அடுத்ததை வெட்டினேன், அதே மாதிரி. அதற்கடுத்ததும். பொட்டலத்தைக் கூப்பிட்டேன்.

"இதைப் பாரு. வெளியில ஒரு நிறம், உள்ள ஒரு நிறம்."

"பழம்னா தோல் இருக்கத்தானே செய்யும், அக்கா."

"இது பழமா? அறிவைக் கடன் குடுத்துட்டு வந்தியா? கட்டி ஆறும்போது வெளிப்பக்கம்தான் முதல்ல ஆறும். உள்பக்கம்தான் ரொம்ப நேரம் சூடா கிடக்கும். சூட்டுல கெடுதுன்னா நடுவுலதானே மஞ்சளாகணும்?"

அவள் இரண்டு பாதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும்தான்.

தம்பி, ரொம்ப நேரம் சூடாக இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. சீக்கிரம் ஆறிய இடம் கெட்டிருக்கிறது. அப்படியென்றால் கெடுத்தது சூடு மட்டும் இல்லை. உள்ளே இல்லாதது வெளியே என்ன இருக்கிறது? காற்று. நாம் இத்தனை வருடம் மூச்சுவிட்ட அதே காற்று. சூடு கதவைத் திறந்துவிடுகிறது, காற்று உள்ளே புகுந்து நூலை அறுக்கிறது.

இதை நான்தான் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை.

நலமா? பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

பதில் இல்லை. கோபமா? போன கடிதத்தில் நீ கோபப்படும்படி நான் ஒன்றும் எழுதவில்லையே. அதற்கு முந்தையதில் எழுதினேன், அது வேறு கணக்கு.

பொறு, பெரிய விஷயம் இருக்கிறது. மூடிப்போன பேக்கரியிலிருந்து ஒரு கேக் அடுப்பு வாங்கினேன். பட்டறையின் பின்பக்கம், ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, அதில் புது மூட்டைப் பிளாஸ்டிக்கை உருக்கினேன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் கழுத்துவரை. ஒரு தட்டில் காகிதம் மாதிரி மெல்லிசாக. ஒரே அடுப்பு, ஒரே சூடு. டம்ளரில் மேலே ஒரு மஞ்சள் ஆடை, கீழே வெள்ளை. தட்டில் இருந்தது முழுதும் மஞ்சள், விரலால் அழுத்தினால் அப்பளம். காற்று படுகிற இடமெல்லாம் கெடுதல், படாத இடம் பத்திரம்.

ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று. தட்டு உடனே மஞ்சளாகவில்லை. நெடுநேரம் ஒன்றுமே ஆகவில்லை. நான் அடுப்புக் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். சரி, நம் கண்டுபிடிப்பு ஊத்திக்கொண்டது என்று எழுந்தேன். முழங்காலை நீவிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மளமளவென்று மஞ்சள் ஏறுகிறது. ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருந்தது? யாரோ உள்ளே காவல் நின்று, அவன் விழுந்ததும் கோட்டை விழுந்த மாதிரி.

மூட்டை விற்கிறவரிடம் கேட்டேன். "அதுல மருந்து போட்டுத்தானம்மா வரும். காத்து புகாம அது தடுக்கும். ஒவ்வொரு தடவை உருக்கறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும்," என்றார், எல்லோருக்கும் தெரிந்த செய்தி மாதிரி. இவ்வளவு வருடம் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க என்னைக்கும்மா கேட்டீங்க? வெல என்னன்னு மட்டும்தானே கேப்பீங்க," என்றார்.

பட்டறைக்குத் திரும்பி வந்து ஒரு காரியம் செய்தேன். அரைத்த பழைய மணியைத் தட்டில் பரப்பி அடுப்பில் வைத்தேன். உட்காரக்கூட இல்லை, மஞ்சள் ஏறிவிட்டது. காவல்காரனே இல்லை உள்ளே.

பிறகு புது மணியில் ஒரு பிடி மட்டும் பழையதைக் கலந்து வைத்தேன். அதுவும் புதியதைவிட எவ்வளவோ முன்னாலேயே கெட்டது. கெட்டது தன்னோடு நிற்கவில்லை தம்பி, நல்லதையும் கெடுக்கிறது. குடம் பாலில் ஒரு கரண்டி உறை ஊற்றின மாதிரி.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தினால்தான் என்று வைத்துக்கொள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? குட்டி எப்படி இருக்கிறாள்? ஒரு கார்டாவது போடு.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஷிப்டு மாறிவிட்டது.

உங்கள் இரண்டு கடிதங்களையும் சேர்த்து இரண்டு மூன்று தடவை படித்தேன். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன், படிக்க நேரம் இருக்கிறது. அந்தக் கேக் அடுப்புப் பகுதியைக் குட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "அத்தை அப்போ அடுப்புக்குள்ளேயே மூக்கை விட்டாங்களா?" என்று கேட்டாள். இந்தக் குடும்பத்தில் மூக்கு எல்லோருக்கும் உண்டு என்றேன்.

கட்டியை வெட்டி, நடுவில் வெள்ளை என்பதைப் பார்த்து, அங்கே நின்று யோசித்தீர்கள் பாருங்கள், அது எல்லோருக்கும் வராது. இங்கே எத்தனையோ கட்டிகளை நான் வெட்டியிருக்கிறேன். நாற்றம்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியாது. நீங்களே கண்டுபிடித்தது அது. முழுக்க உங்களுடையது.

எங்கள் தொழிற்சாலையில் தட்டில் வைக்கும் சோதனைக்கு ஒரு பெரிய கருவியே இருக்கிறது. அதுவும் இதைத்தான் அளக்கிறது, காவல்காரன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று. நீங்கள் முக்காலியும் கொட்டாவியும் வைத்து அளந்துவிட்டீர்கள்.

டப்பா சரியாக வந்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள்.

தம்பி


மே 20

மூக்கனுக்கு,

ஷிப்டு மாறியவன் பகலில் வீட்டில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறானா? நல்ல தொழிற்சாலை.

இங்கே நலம். முழங்காலும் நலம், அது சந்தோஷத்தைப் பார்த்துப் பயந்துவிட்டது.

இனி இந்தப் பட்டறையின் முறை என்னவென்று எழுதுகிறேன், கேட்டுக்கொள். அச்சிலிருந்து வரும் சுத்தமான கழிவை உடனே அரைத்து, புதியதோடு கொஞ்சமாக, ஒரே ஒரு தடவை மட்டும் கலக்கலாம். காலையில் மெஷின் முதலில் துப்புவதும், தரையில் கிடந்து காற்றில் வெந்த கட்டியும் உள்ளே போகாது. சாப்பாட்டு இடைவேளையில் சூட்டோடு நிற்க விடுவது கிடையாது. பேரலைக் காலி செய்து, சூட்டைக் குறைத்துவிட்டுத்தான் சோறு. சீட்டி "அக்கா, இது யாரு சொன்னது?" என்று கேட்டான். "நான் சொன்னேன்," என்றேன். "இல்ல, இதே மாதிரி முன்னாடி ஒருத்தர்..." என்று ஆரம்பித்தான். "வேலையைப் பாருடா," என்றேன். சீட்டியடித்துக்கொண்டே போனான்.

பச்சை டிரம்மில் இருந்ததையெல்லாம் பூந்தொட்டி செய்கிறவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அதனால்தான்.

வாசலில் எழுதியிருந்ததற்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மழையில் அழிந்துபோயிருந்தது, அதனால்தான்.

இதோடு ஒரு டப்பா. பிறந்ததிலிருந்து அதற்கு மீசை கிடையாது. மூடித் திற, திறந்து மூடு, என்ன ஆகிறது என்று எழுது. பூதக்கண்ணாடி ஜூன் கடைசியில் வருகிறார். நான் இப்போதே கைக்குக் கிடைத்த டப்பாவையெல்லாம் மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்கா,

நலம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் டப்பாவைக் குட்டியிடம் கொடுத்தேன். அவளைவிட நல்ல சோதனைக் கருவி எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. சாப்பிடும்போது டக் டக், படிக்கும்போது டக் டக். அவள் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணத் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம். கீல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். மடித்தால் வெளுப்பது நல்ல பிளாஸ்டிக்கின் அடையாளம். முகர்ந்தும் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் நல்ல வாசனை.

அவள் விளையாடி முடித்ததும் கழுவி நாங்களே பயன்படுத்துகிறோம். ஏழு அறையும் நிரம்பிவிட்டது, இப்போது எதையும் மறப்பதில்லை. மிகவும் வசதி. நீ செய்தது என்று மருந்துக்கடைக்காரரிடமும் காட்டினேன்.

கவலைப்படாதே. இது நிற்கும்.

உன் தம்பி


ஜூன் 27

மூக்கா,

நின்றது.

பூதக்கண்ணாடி காலையில் வந்தார். மூடினார், திறந்தார், மூடினார். லென்சை எடுத்தார். ஜன்னல் பக்கம் போனார். பொட்டலம் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் அதைக் கிழித்துவிடப் போகிறாளே என்று எனக்கு இன்னொரு கவலை. கடைசியில் அவர் லென்சை மடித்துப் பைக்குள் போட்டார்.

"என்னம்மா பண்ணீங்க?"

"காத்தை வெளிய நிக்க வச்சோம் சார்."

"புரியலையே."

"உட்காருங்க, சொல்றேன்," என்றேன். கட்டியை வெட்டியதிலிருந்து கேக் அடுப்புவரை சொன்னேன். அவர் டீ ஆறிப்போனது. அச்சு இங்கேயே இருக்கும். இன்னொரு அச்சும் வருகிறது, காது சொட்டு மருந்துக் குப்பிக்கு மூடி. அது வேறு பிளாஸ்டிக்காம். பேக்கரி அடுப்பில் அதையும் வைத்துப் பார்த்துவிட்டேன். காற்று பட்டால் இது ஓடவில்லை தம்பி, நேர்மாறாக இறுகிக் கட்டி தட்டுகிறது. அதே காற்று, ஒன்றை அறுக்கிறது, ஒன்றை முடிச்சுப் போடுகிறது. ஏன்? எனக்குத் தூக்கமே வரவில்லை. உனக்குத் தெரிந்தாலும் எழுதாதே, நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தைச் சந்தோஷத்தில் ஒரு தடவை படித்தேன். நேற்று கட்டியை வெட்டுகிற கண்ணோடு மறுபடி படித்தேன்.

உங்கள் வீட்டில் ஏழு அறையும் நிரம்புகிற அளவுக்கு யாருக்கு மாத்திரை? குட்டிக்கா? உன் மனைவிக்கா? மருந்துக்கடைக்காரர் உனக்கு எப்போதிலிருந்து சிநேகிதர்? ஏப்ரலில் நீ கடிதம் போடாதது எந்த ஷிப்டு? எல்லாக் கடிதத்திலும் 'நலம்' என்று மேல் தோலை மட்டும் காட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். என்ன வியாதி, எந்த டாக்டர், என்ன சொன்னார், காரம் சேர்க்கலாமா கூடாதா, எல்லாம் எழுது. அடுத்த கடிதத்திலும் 'நலம்' என்று இருந்தால் கடிதத்தோடு கடிதமாக நான் வந்து இறங்குவேன். முழங்காலைக் காரணம் காட்டி நிற்பவள் இல்லை நான், உனக்குத் தெரியும்.

அல்லது நீயே வா. குட்டியைக் கூட்டிக்கொண்டு வா, அடுப்புக் கண்ணாடியில் அவளும் மூக்கை ஒட்டட்டும். புகைப் பக்கம் உன்னை விடமாட்டேன், வாசல் பக்கம் காற்றில் உட்கார். நமக்கு அது நல்லது செய்யும்.

பட்டறையில் உட்கார இடம் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. பச்சை டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உயரம் சரியாக இருக்கிறது. அகலமான டிரம், இன்னொருவருக்கும் இடம் இருக்கிறது.

உன் கையுறை மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது.

உன் அக்கா